நாவிலே வாழும் ஏடுகள்: கெனத் ஹேல் என்னும் மொழியறிஞர்

ஏட்டைச் செல்லரித்தால் நூல் அழிந்தது என்று நம் முன்னோர் கலங்கினர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையரும் ஊரூராகத் தேடியலைந்து, பரணிலும் பெட்டியிலும் கிடந்த சுவடிகளைத் திரட்டி அச்சேற்றியிராவிடில், பழந்தமிழ் நூல்களுட் பலவற்றை நாம் பெயரளவிலேதான் அறிந்திருப்போம். ஆயினும் அப்பெரியார்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. அவர்கள் தேடிப்போன நூல்கள் எங்கோ ஓரிடத்தில், எவ்வளவு சிதைந்த நிலையிலேனும், ஓலையில் எழுதப்பட்டுக் கிடந்தன. எழுத்தே இல்லாத மொழியின் நிலை யாது? ஆங்கே கதையும் பாட்டும், இலக்கணமும் உறவுமுறையும், மரஞ்செடிகளின் பெயர்களும் மனிதர் நாவிலேதான் வாழ்கின்றன. அந்த ஏடுகளைக் கறையான் அரிப்பதில்லை. காலனே கொண்டு போகிறான்.

அத்தகைய ஏடுகளைத் தேடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஓர் அறிஞரைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றேன். அவர் அமெரிக்கராகிய பேராசிரியர் கெனத் ஹேல். 1934ஆம் ஆண்டு பிறந்து 2001ஆம் ஆண்டு மறைந்தவர். வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள், அவுஸ்திரேலியாவின் பழங்குடிகள், மத்திய அமெரிக்காவின் சிற்றூர் மக்கள் ஆகியோரின் மொழிகளையெல்லாம் கற்றவர். மொழியியல் துறைக்கு வெளியே அவர் பெயரை அறிந்தோர் சிலரே. ஆனால் அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை மொழியியலார்க்கு மட்டும் உரியதன்று. ஏடு திரட்டுதல் ஒரு பணி. ஏட்டுக்கு உரியவரையே பதிப்பாசிரியராக்குதல் வேறொரு பணி. முன்னையது மொழியின் நினைவைக் காக்கும். பின்னையதே மொழியைக் காக்கும். ஹேல் முன்னையதிலே தொடங்கிப் பின்னையதை வந்தடைந்தார்.

பண்ணையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

ஹேல் இலினோய் மாநிலத்திற் பிறந்தவர். அவருக்கு ஆறு வயதாயிருக்கையில் குடும்பம் அரிசோனாவின் தென்பகுதியிலுள்ள ஒரு கால்நடைப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பாலை நிலமும் பசுக்கூட்டமும் குதிரைகளுமே அவர் இளமைச் சூழல். பின்னாளிற் பேராசிரியராய் விளங்கியபோதும், இளமையில் எருதின் மேலேறி நிலைத்திருக்கும் போட்டியில் வென்ற பட்டைக் கொளுவியையே இடுப்பில் அணிந்து திரிந்தார் என்பர்.

பள்ளி விடுதியிலே அவருடன் தங்கிய மாணவருள் ஹோப்பி இனத்தவரும் ஹேமிஸ் இனத்தவரும் இருந்தனர். அவர்களிடமிருந்து அவ்விரு மொழிகளையும் ஹேல் பேசப் பழகிக்கொண்டார். புத்தகமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. தோழரின் பேச்சே பாடம். இந்தத் தொடக்கம் கருத்திற் கொள்ளத்தக்கது. தாம் ஆராயப்போகும் மக்களை அவர் முதன்முதற் சந்தித்தது ஆய்வுப் பொருளாக அன்று, அறைத் தோழராக. அவர் தொழிலின் போக்கு முழுவதையும் நிருணயித்தது இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்று 1955இல் பட்டம் பெற்றார். 1959இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேடு, அரிசோனாவின் தொஹோனோ ஓதம் மக்களின் மொழிக்கு எழுதிய இலக்கணமாகும். அம்மக்களை அந்நாளிற் பிறர் பப்பாகோ என்று வழங்கினர்.

பாலை நிலத்து மொழி

1959இல் ஹேலும் அவர் மனைவியாரும் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். 1961 வரை அந்தப் பெருநிலத்தின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் பயணஞ்செய்து, பல பத்து மொழிகளைப் பதிவு செய்தனர். அவற்றுள் அவர் உள்ளத்தை முற்றாகக் கவர்ந்தது, தனாமிப் பாலையைச் சூழ்ந்து வாழும் மக்களின் வள்பிரி மொழி. நாடு திரும்பிய பின்னர்த் தம் புதல்வருடனும் அம்மொழியிலே பேசி வந்தார்.

வள்பிரியின் ஒலியமைப்பைப் பார்க்கும் தமிழாசிரியர் எவரும் வியப்புறுவர். அ, இ, உ என மூன்றே உயிர்கள். அவற்றுக்கு நெடிலும் உண்டு. வல்லெழுத்துகளிற் ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் பொருள் வேறுபாடு இல்லை. ஸகர, ஷகர, ஹகரங்கள் இல்லை. ணகரமும் ளகரமும் ஞகரமும் ஙகரமும் தனித்தனி எழுத்துகளாக நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் ஏறத்தாழ வேலையற்றிருக்கும் ஙகரம் வள்பிரியிற் சொல்லுக்கு முதலாகவே வருகின்றது. ‘ஙர்க்க’ என்றால் மனிதன். ‘வவிரி’ என்றால் கங்காரு. கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்திலே திராவிட மொழிகளோடு அவுஸ்திரேலிய மொழிகளை ஒப்புநோக்கியதை நம்மவர் அறிவர். அவ்வுறவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. ஒலிகள் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. உறவில்லாதிருந்தும் ஒத்திருப்பதன்றோ பெரிய வியப்பு!

சொற்றொடர் அமைப்பு அதனினும் வியப்பானது. ‘மனிதன் கங்காருவை ஈட்டியாற் குத்துகிறான்’ என்பதை வள்பிரியில் ‘ஙர்க்கங்கு க வவிரி பன்திணி’ எனலாம். ‘க’ என்னும் துணைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்பின், ஏனைய மூன்றும் எவ்வரிசையிலும் வரலாம். இது மட்டுமாயின் வேற்றுமை உருபுகளையுடைய தமிழருக்குப் புதுமையில்லை. ஆனால் ‘அந்தக் கங்காரு’ என்னும் இரு சொற்களையும் பிரித்து, ஒன்றைத் தொடரின் தொடக்கத்திலும் மற்றதை இறுதியிலும் வைத்தல் வள்பிரியில் இயல்பான பேச்சு. நம் மாணவர் நன்னூலிற் கொண்டுகூட்டு, மொழிமாற்று என்று பொருள்கோள் வகைகளைக் கற்கின்றனர். செய்யுளுக்கென நாம் ஒதுக்கிவைத்த உரிமையை அப்பாலை மக்கள் அன்றாடப் பேச்சிலே கையாளுகின்றனர்.

1967இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஹேல் ஆசிரியராய்ச் சேர்ந்தார். நோம் சொம்ஸ்கியின் கொள்கைகள் உருவாகிக்கொண்டிருந்த இடம் அது. மனித மொழிகள் யாவும் அடியிலே ஒரே அமைப்புடையன என்பது அங்கு நிலவிய கருத்து. அதனை ஹேலும் ஏற்றார். ஏற்றுக்கொண்டே, அக்கொள்கையை ஆங்கிலத்தை மட்டும் கொண்டு சோதித்தல் தகாது என்பதைக் காட்டினார். சொல்வரிசைக்குக் கட்டுப்படாத மொழிகளைப் பற்றி வள்பிரியை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1983இல் வெளியாயிற்று. இலக்கணக் கொள்கையாளர் அனைவரும் அதற்கு விடை தேட வேண்டியவராயினர். ‘நாகரிகமற்றோர் பேச்சு’ என்று பலரால் இகழப்பட்ட ஒரு மொழி, உலகின் தலைசிறந்த அறிஞர் அவையிலே வினாத் தொடுத்தது.

வேறொரு செய்தியும் சொல்லத்தக்கது. வள்பிரி இளைஞர் சடங்கு பெறுங்காலத்தில் ‘ஜிலிவிரி’ என்னும் தலைகீழ்ப் பேச்சு ஒன்று வழங்கியது. சொற்களுக்கெல்லாம் எதிர்ச்சொல்லையே ஆள வேண்டும். ‘நான் தரையில் இருக்கின்றேன்’ என்று சொல்லக் கருதினால், ‘மற்றொருவன் வானில் நிற்கின்றான்’ என்னும் பொருள்பட உரைக்க வேண்டும். வடக்கே மோர்னிங்ரன் தீவிலே லாடில் மொழி பேசுவோரிடத்துத் ‘தமின்’ என்னும் சடங்கு மொழி இருந்தது. ஏறத்தாழ 150 முதல் 200 வரையான சொற்களே அதில் உண்டு. ஆயினும் அச்சிறு தொகையைக் கொண்டு எதனையும் சொல்லிவிடலாம். ஆபிரிக்காவுக்கு வெளியே நாச்சொடுக்கு ஒலிகளை எழுத்தொலிகளாகக் கொண்ட மொழி அஃதொன்றே. மிசன் ஆட்சியில் அச்சடங்குகள் நின்றுபோகவே, தமின் கற்போரும் இலராயினர். எஞ்சிய முதியோரிடம் ஹேல் அதனைக் கேட்டு எழுதினார். பொருளை ஆராய்ந்து வகுக்கும் நுண்ணறிவு பள்ளிக்கூடம் கண்டவர்க்கே உரியது என்று எண்ணுவோர்க்கு இவ்விரண்டும் தக்க மறுமொழி.

உரியவரே புலவர்

இத்துணையும் செய்தவர் இதனோடு நின்றிருந்தாலும் பெரும்புகழ் பெற்றிருப்பார். ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தின் நுட்பங்களை ஆராய்வோர் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். பிரெஞ்சு மொழியும் அவ்வாறே. ஆதிக்குடிகளின் மொழிகளை மட்டும் அயலார் வந்து, ‘தகவல் தருபவர்’ என்று ஒருவரை எதிரில் இருத்தி, வினவி எழுதிக்கொண்டு போகின்றனர். இது முறையா? 1972இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதனை அவர் வெளிப்படையாக எழுப்பினார். ஒரு மொழியைப் பேசி வளர்ந்தவரின் உள்ளுணர்வே இலக்கண ஆராய்ச்சிக்கு அடிப்படை; ஆகவே அம்மக்களுள்ளிருந்தே மொழியியலார் தோன்றினாலன்றி அம்மொழிகளின் ஆராய்ச்சி முழுமை பெறாது என்பது அவர் முடிபு. நீதி என்ற வகையிலும் அதுவே சரி; அறிவியல் என்ற வகையிலும் அதுவே சரி என்றார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். அல்பேர்ட் அல்வாறெஸ் என்பவர் தொஹோனோ ஓதம் மொழியாளர். அவரைக் கேள்விக்கு விடை சொல்பவராக மட்டும் வைத்திராமல், தம் மொழியின் ஒலியியலைத் தம் மொழியிலேயே எழுதும்படி ஹேல் ஊக்கினார். அதற்கெனக் கலைச்சொற்களையும் அம்மொழியிலே படைத்தனர். 1970இல் இருவர் பெயரிலும் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. இருவரும் வகுத்த எழுத்துமுறையை 1974இல் அம்மக்கள் தம் முறையாக ஏற்றுக்கொண்டனர். 1983இல் ஒபீலியா செப்பேடா என்னும் தொஹோனோ ஓதம் பெண்மணி தம் தாய்மொழிக்கு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அவர் அம்மொழியின் கவிஞருமாவார். 1959இல் அயலார் ஒருவர் எழுதிய இலக்கணத்துக்கு 24 ஆண்டுகளின் பின் அம்மக்களின் மகளே இலக்கண ஆசிரியராக வந்தார். கலைச்சொல் ஆக்கத்துக்கும் தாய்மொழிக் கல்விக்குமாக இந்நாட்டிலே பாடுபட்ட நம் ஆசிரியர் சமூகம் இதன் அருமையை நன்குணரும்.

நவஹோ மொழியினரான போல் பிளாற்றெரோவும் ஹோப்பி மொழியினரான லவேர்ன் மசயெஸ்வா ஜீனும் 1978இல் ஹேல் பணியாற்றிய கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றனர். இம்முயற்சியால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். ‘குதிரை கழுதையை உதைத்தது’ என்பதை நவஹோவில் இருவகையாகச் சொல்லலாம்: குதிரையை முன்வைத்தும் சொல்லலாம், வினையின் முன்னொட்டை மாற்றிக் கழுதையை முன்வைத்தும் சொல்லலாம். ஆனால் ‘குதிரை மனிதனை உதைத்தது’ என்னுமிடத்திற் குதிரையை முன்வைத்தலை நவஹோ மக்கள் ஏற்பதில்லை. மனிதனே முன்வரல் வேண்டும். 1973இல் ஹேல் இவ்விதியை எடுத்துக்காட்டினார். ஏன் அவ்வாறு என்பதை மறு ஆண்டு விளக்கியவர் நவஹோ பெண்மணியாகிய மேரி ஹெலன் கிறீமர். உலகத்துப் பொருள்களையெல்லாம் அறிவாற்றலுக்கேற்ப நவஹோ மக்கள் தரப்படுத்துகின்றனர். தாழ்ந்த தரத்தது உயர்ந்த தரத்ததைத் தானாக ஆட்கொள்ளல் இயலாது என்பது அவர்கள் துணிபு. உயர்திணை, அஃறிணை என்று சொற்களை வகுத்தவர்க்கும், ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை நிரல்படுத்திய மரபியலைக் கற்றவர்க்கும் இது எளிதில் விளங்கும். அயலார் விதியைக் கண்டார். உரியவர் அதன் உயிரைக் கண்டார். தமிழிலக்கணம் பயிற்றிய எனக்கு, ஹேலின் வரலாற்றிலே மிகவும் பிடித்த பகுதி இதுவே.

நிக்கராகுவா நாட்டிலே 1987இல் கரிபியன் கரையோர மக்களுக்குத் தன்னாட்சிச் சட்டம் வந்தது. மொழியுரிமையும் அதனுள் அடங்கும். கரவாலா என்னும் ஊரினர் தம் உல்வா மொழி மிஸ்கித்து மொழிக்கு இடங்கொடுத்து அருகிவருதலைக் கண்டு ஒரு குழு அமைத்தனர். ஹேல் அக்குழுவின் துணைவராய்ச் சென்றார். அவர்கள் வேண்டியது அகராதி; அதனையே முதலிற் செய்தார். தொடக்க அகராதி 1989இல் வந்தது. அம்மொழியின் அழகொன்று: ‘சூலு’ என்றால் நாய், ‘சூகிலு’ என்றால் என் நாய், ‘சூமலு’ என்றால் உன் நாய். நம் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் நிற்கும். உல்வாவில் உடைமை உருபு பகுதியின் வயிற்றினுள்ளேயே புகுந்து நிற்கின்றது!

ஒரு மறுப்பு

1992ஆம் ஆண்டு அமெரிக்க மொழியியற் கழகத்தின் ஆய்விதழில், அழியும் மொழிகளைப் பற்றி ஹேலும் வேறு சிலரும் எழுதிய கட்டுரைத் தொகுதி வந்தது. ஆதிக்குடியினரான அறிஞர்களும் அதில் எழுதியிருந்தனர். அலாஸ்கா மொழிகளின் அறிஞர் மைக்கல் குறவுஸ், உலகில் வழங்கும் 6,000 அளவிலான மொழிகளுள் 90 வீதமானவை அடுத்த நூற்றாண்டில் மறைந்தோ மறையும் நிலையடைந்தோ போகக்கூடும் என்று அதில் எச்சரித்தார். ஒரு மொழியின் அழிவைப் பாரிசின் லூவர் அரும்பொருட்சாலையிற் குண்டு வீசுவதற்கு ஹேல் ஒப்பிட்டதும் உலகறிந்தது.

அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பும் வந்தது. எழுதியவர் ஒலியியற் பேரறிஞர் பீற்றர் லடிபோகெட். கென்யாவிலே தகாலோ மொழி பேசும் ஒருவரிடம், உம் மக்கள் இம்மொழியைப் பேசுவரோ என்று அவர் கேட்டாராம். பேசார் என்று அம்மனிதர் புன்னகையோடு விடையிறுத்தார். பிள்ளைகள் பள்ளி சென்றதிலே அவருக்குப் பெருமை. அவர் செய்தது தவறென்று சொல்ல நான் யார் என்பது லடிபோகெட்டின் கேள்வி. அவர் காட்டிய மற்றோர் எடுத்துக்காட்டு நமக்கு மிக அண்மையிலுள்ளது. நீலகிரியிலே வாழும் தோடர் தொகை ஆயிரத்தளவானது. அவர்தம் மொழி நம் மொழிக்கு இனமானது. முன்னோரைப் போற்ற விழையும் தோட இளைஞர் பலர், புதிய இந்தியாவில் இடம்பெறுவதற்கு விலையாகத் தம் மொழியை அன்றாட வாழ்விலே கைவிட இசைந்துவிட்டனர் என்றும் அவர் எழுதினார்.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. பசித்த தந்தையை நோக்கி, உன் மகன் ஆங்கிலம் கற்க வேண்டா, உன் மொழி அருங்காட்சிப் பொருளாகட்டும் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அவ்வாறு சொல்வோர் மொழியைக் காதலிக்கலாம், மனிதரை மதிக்கின்றாரல்லர்.

ஆயினும் தந்தையின் புன்னகையோடு கதை முடிவதில்லை. ஸ்கொட்லாந்திற் கேலிக் மொழியின் தேய்வை ஆராய்ந்த நான்சி டோரியன் 1993இல் எழுதிய மறுமொழியில், மொழியைக் கைவிட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளே பின்னர் அவ்விழப்புக்காக வருந்துவர் என்று நினைவூட்டினார். அன்றியும், ‘கைவிட்டனர்’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. அமெரிக்காவிலே 1879இற் கார்லைல் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட விடுதிப் பள்ளியும் அதனைப் பின்பற்றிய பிற பள்ளிகளும், தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தன. 1990ஆம் ஆண்டிலேதான் ஆதிக்குடி மொழிகளைப் பேணுவது நாட்டின் கொள்கை என்று அங்கு சட்டம் இயற்றப்பட்டது. நூறாண்டுத் தண்டனைக்குப் பின் வரும் இசைவை விருப்பம் என்று சொல்லலாமா? இரு கதவுகளும் திறந்திருக்கும் வீட்டிலேதான் ஒருவன் எக்கதவால் வெளியேறினான் என்பது அவன் விருப்பத்தைக் காட்டும்.

ஹேலின் விடை வாதத்திலன்றிச் செயலிலேயே இருந்தது. இரண்டாவது கதவைத் திறப்பதே அவர் பணி. 1974இல் அவரும் ஜெப்ரி ஓ கிரேடியும் அவுஸ்திரேலிய வடபுலத்தின் இருமொழிக் கல்விக்கு விதப்புரைகள் வழங்கினர். அவ்வாண்டிலேயே யுவெண்டுமு ஊர்ப் பாடசாலையில் வள்பிரியும் ஆங்கிலமும் ஒருங்கே பயிற்றும் திட்டம் தொடங்கியது. ஆங்கிலம் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு விலையாகத் தாய்மொழியைக் கேட்காதீர் என்றே சொன்னார்.

பேச்சிழந்த மொழி பேசியது

ஹேலின் இறுதிக்காலத்து மாணவருள் ஒருவர் ஜெசி லிற்றில் டோ பெயர்ட். மசாசூசெற்ஸ் மாநிலத்து வம்பனோவாக் குடியினர். இக்குடியின் மொழியைப் பேசுவோர் நூறாண்டுக்கு மேலாக ஒருவரும் இலர். ஆயினும் விந்தையான ஏடொன்று எஞ்சியிருந்தது. 1663இல் ஜோன் எலியற் பாதிரியார் ஆதிக்குடி மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் அம்மொழியிலே விவிலியம் முழுவதையும் அச்சிட்டார். எழுதக் கற்ற வம்பனோவாக் மக்கள் நில உறுதிகளும் மரண சாதனங்களும் தம் மொழியில் எழுதிவைத்தனர். மதமாற்றத்துக்கென ஆக்கிய நூல், மொழியின் மறுபிறப்புக்கு வித்தாயிற்று. 1993இல் மொழிமீட்பு முயற்சியைத் தொடங்கிய பெயர்ட், ஹேலிடம் மொழியியல் கற்று 2000ஆம் ஆண்டில் முதுமாணிப் பட்டம் பெற்றார். இனமொழிகளோடு ஒப்பிட்டு ஒலிகளை உய்த்துணர்ந்தனர், அகராதி தொகுத்தனர். பெயர்டின் மகள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தார். நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அம்மொழியைத் தாய்மொழியாகப் பெற்ற முதற்குழந்தை அவரே. 2010இல் பெயர்டுக்கு மக்காதர் நிறுவனத்தின் சிறப்பு நல்கை கிடைத்தது. அதனைக் காண ஹேல் இருக்கவில்லை. 2001 ஒக்ரோபர் 8ஆம் நாள் அவர் காலமானார். அவர் நினைவு வைபவத்திலே புதல்வருள் ஒருவர் அஞ்சலியுரையை வள்பிரியில் நிகழ்த்தினார்.

ஐம்பது மொழிகள் வல்லவர் என்று அவரைப் பிறர் புகழ்ந்தனர். அவர் அதனை ஏற்றதில்லை. ஒரு மொழியிற் சிலவற்றைச் சொல்லத் தெரிதல் வேறு, அம்மொழியைப் பேசத் தெரிதல் வேறு என்பார். ஆங்கிலம், ஸ்பானியம், வள்பிரி ஆகிய மூன்றையே தாம் பேச வல்லதாகக் கூறிக்கொள்வார். இதனை அடக்கம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. மொழி தம்முடையதன்று, அதனை வாழ்ந்து பேசுவோருடையது என்னும் தெளிவே அது.

பணி தடையின்றி நடந்ததென்று எண்ணற்க. 2008இல் வடபுல அரசு, பாடசாலை நாளின் முதல் நான்கு மணிநேரமும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டுமென்று ஆணையிட்டது. இருமொழிப் பாடசாலைகள் பேரிடருற்றன; அவ்வாணை பின்னர்த் தளர்த்தப்பட்டது. ஆயினும் வள்பிரி மக்கள் சோர்ந்தாரல்லர். தம் நிலத்துச் சுரங்க வருவாயிலிருந்து கல்விக்கெனப் பணம் ஒதுக்கி, 2005 முதல் ஓர் அறநிலையத்தை நடத்திவருகின்றனர். 1959இல் ஹேல் தொடங்கிய சொற்றொகுப்பு, மேரி லோரன் முதலியோரின் நீண்ட உழைப்பால் 2022இற் பேரகராதியாக வெளிவந்தது. 63 ஆண்டுப் பணி. ஹேலின் பெயரோடு வள்பிரி மக்களின் பெயர்களும் தொகுப்பாசிரியர் பெயர்களாக அதில் உள்ளன. ஹேலுக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் எவரும் எழுப்பியிருத்தல் இயலாது.

நமக்குரியது

2022 முதல் 2032 வரையான காலத்தை ஆதிக்குடி மொழிகளின் அனைத்துலகப் பத்தாண்டு என ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. பெரிய மொழியின் நிழலிலே சிறிய மொழி படும் பாட்டைத் தமிழருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நாம் பட்டறிந்த பாடம் அது. ஆனால் நாமே பெரிய மொழியாய் நிற்கும் இடங்களும் உண்டென்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கின்றோம்? நீலகிரித் தோடர் முன்னே நிற்கும் பெருமொழிகளுள் ஒன்று தமிழ். நம் கிழக்குக் கரையிலே வாழும் வேடர் இன்று பேசுவது தமிழ். அவர்தம் முன்னோர் வழங்கிய சொற்களை நாம் கேட்டதுமில்லை, கேட்க விரும்பியதுமில்லை.

வேடர் மொழியைப் பற்றி செலிக்மன் காலம் முதல் அறிஞர் பலர் எழுதியுள்ளனர், எம். டபிள்யூ. எஸ். டி சில்வாவின் நூல் 1972இல் வந்தது. அவையெல்லாம் நன்றே. ஆயினும் ஹேலின் வாழ்க்கையை அறிந்த பின்னர் வேறொரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். அம்மக்களின் பிள்ளைகளுள் எத்தனை பேரை நம் பல்கலைக்கழகங்கள் மொழியியல் மாணவராக வரவேற்றுள்ளன? நம் வகுப்பறைகளிலே வேற்றுச் சொல்லொன்றை உச்சரித்த சிறுவனைப் பார்த்து நாம் நகைத்தோமா, அச்சொல் யாதென்று வினவினோமா?

ஆசிரியர் எவரும் செய்யத்தக்க தொண்டு இது. இதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டா. ஒலிப்பதிவுக் கருவிகூட வேண்டா. ஊர்ப் பாடசாலையில் இருக்கும் ஆசிரியர், தம் மாணவன் வீட்டிலே பாட்டி வழங்கும் சொற்களை அவனைக் கொண்டே ஒரு கொப்பியில் எழுதச் செய்யட்டும். சொல்லின் பொருளையும் அவனே எழுதட்டும். அக்கொப்பியின் முகப்பிலே தொகுப்பாசிரியர் என்னும் இடத்தில் அம்மாணவன் பெயரே விளங்கட்டும்.